அமாவாசையில் இடம் பார்த்தவன்

போன மாதம் என் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் போன் செய்தார். நான் ஓய்வு பெற்று வெளியே வந்தபின் உள்ளே போனவர். "சார், உங்க காலத்துல ரேடியோவைத் திறந்தா உள்ள என்ன சார் இருக்கும்?" என்று கேட்டார். கல்வெட்டு படிக்க வந்தவர்கள் குருக்களிடம் விசாரிப்பது போல அவ்வளவு மரியாதை.

"உள்ளே ரேடியோ இருக்கும்மா" என்றேன்.

அவர் சிரித்தார். ஆனால் நான் சொன்னது நிஜம். இன்றைக்கு எங்கள் ஆய்வுக்கூடத்து ரிசீவரைத் திறந்தால் ஒரு பலகை, கட்டை விரல் அகலத்தில் ஒரு சிப், காற்றாடி ஒன்று. ரேடியோவைக் காணோம். அது மென்பொருளாக மாறிவிட்டது. அது எப்படி மாறியது, அதில் என் பங்கு என்ன என்று ஆய்வுக்கூடத்து இதழுக்கு எழுதித் தரச் சொன்னார். என் பங்கு என்று பார்த்தால் ஒரு பெரிய தப்பும், ஒரு படிவத்தில் ஒரு கட்டமும்தான். இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் புதுவயல். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். காரைக்குடியில் டிப்ளமோ முடித்து, வயர்லெஸ் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். முதல் வருடம் சால்டரிங் செய்யும்போது என் விரலைச் சுட்டுக்கொண்டேன். இரண்டாம் வருடம் பக்கத்து மேஜைக்காரர் விரலைச் சுட்டேன். மூன்றாம் வருடம் பணி நிரந்தரம் ஆக்கினார்கள். அப்புறம் இருபது வருடம் பிளாஸ்டிக் திருப்புளியால் காயில்களைத் திருகிக்கொண்டிருந்தேன். பயிற்சிக் காலம் இவ்வளவுதான், மீதியெல்லாம் டீ.

அந்த நாளில் ஒரு வேலைக்கு ஒரு பெட்டி. கப்பல் பேச்சைக் கேட்க ஒன்று, ரேடார் எதிரொலியைப் பிடிக்க இன்னொன்று. வேலை மாறினால் பெட்டியை மாற்ற வேண்டும். பிறகு வந்த யோசனை வேறு. வருகிற அலையை அப்படியே நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை அளந்து எண்களாக்கிவிடு. அந்த எண்களை என்ன செய்வது என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். என் மனைவி தெய்வானைக்கு இதை விளக்கப் போய் நானே தெளிந்தேன். மாவு ஒன்றுதான். கல்லில் ஊற்றினால் தோசை, குழியில் ஊற்றினால் பணியாரம். சட்டியை மாற்றினால் போதும், மறுபடி மாவாட்ட வேண்டாம்.

"இதக் கண்டுபிடிக்க உங்களுக்கு இத்தன வருசமாச்சாக்கும்?" என்றாள்.

எங்கள் பிரிவின் தலைவர் ஜமீலா மேடம், இளையான்குடிக்காரர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தினால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்படி ஒரு கேள்வி வைத்திருந்தார். ஏதாவது வேலை செய்யவில்லை என்று போய் நின்றால், நாம் சேர்த்துப் பார்த்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டா நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு, "சரி முருகேசன், இதையெல்லாம் சேத்துப் பாத்தீக. எதைக் கழட்டிப் பாத்தீக?" என்பார். திரும்பி நடக்க வேண்டியதுதான்.

அவருடைய சோதனை முறையும் அதே குணம்தான். ரிசீவரை ஒருபோதும் மின் இணைப்பில் ஓட்டக் கூடாது; பேட்டரியில்தான். கரண்ட் கம்பி வழியாக ஊர் இரைச்சலெல்லாம் உள்ளே வரும் என்பார். ஆகவே, எங்கே போனாலும் இரண்டு லாரி பேட்டரிகளை நான்தான் சுமந்தேன். மூட்டை தூக்கியவர் மகன் படித்து முன்னேறிவிட்டான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பேட்டரியோடு என்னைப் பார்க்காதவர்கள். அடுத்து, ஏரியலை உடனே மாட்டக் கூடாது. பெட்டியில் ஏரியல் மாட்டும் வாயில் அதற்குப் பதிலாக ஒரு டம்மியைத் திருகி, வெளியே இருந்து எதுவும் வராதபடி அடைத்து, பத்து நிமிடம் பெட்டியை மட்டும் கேட்க வேண்டும். "பெட்டி தானாப் பேசுதான்னு மொதல்ல தெரியணும்" என்பார். அந்தப் பத்து நிமிடமும் யாரும் வாய் திறக்கக் கூடாது. கவனம் சிதறுமாம். பேட்டரி கூடப் பரவாயில்லை. இதுதான் எனக்குப் பெரிய சுமை. ஏழாவது நிமிடத்துக்கு மேல் நான் தாண்டியதே இல்லை.

மூன்று வருடம் உழைத்து அப்படி ஒரு பெட்டி செய்தோம். காலையில் அது வான ரேடாருக்குக் காது. தொலைவில் உள்ள எங்கள் நிலையம் அனுப்பும் அலை, வானத்தின் மேலடுக்கில் பட்டு எங்கே, எவ்வளவு நேரம் கழித்து இறங்குகிறது என்று பார்த்து வளைகோடாக வரையும். மதியம் மென்பொருளை மாற்றினால் நடுக்கடல் வயர்லெஸ்ஸைக் கேட்கும். வெளிநாட்டுப் பெட்டிகள் வாங்குவதா, எங்களுடையதை ஏற்பதா என்று முடிவு செய்ய ஒரு குழு போட்டார்கள். களச் சோதனை ஒரே ஒரு தடவை. தேறாவிட்டால் எங்கள் பிரிவையே கலைப்பதாகப் பேச்சு. எனக்கு நாற்காலிகளுக்கு நம்பர் எழுதும் பிரிவில் இடம் தயாராக இருக்கிறது என்று அந்தப் பிரிவுக்காரரே அன்போடு வந்து சொன்னார்.

களச் சோதனைக்கு இடம் தேடும் வேலை என்னிடம் வந்தது. சந்தடி இல்லாத இடம் வேண்டும். தெற்கே இருந்தால் நல்லது. நான் யோசிக்கவே இல்லை. எங்கள் ஊர் ஓரத்தில் ஒரு தரிசு நிலம் இருந்தது. அங்கிருந்து என் வீட்டுச் சோற்றுப்பானை நடக்கிற தூரம். சின்ன ரிசீவரும் ஏரியலுமாகப் போய் அளந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு அமைதியை அதற்கு முன் என் மீட்டரில் பார்த்ததில்லை. "மிக அமைதியான இடம்" என்று எழுதி, "மிக"வுக்கு அடியில் கோடும் போட்டுக் கையெழுத்திட்டேன்.

குழு வருவது வியாழக்கிழமை. திங்களன்றே போய் இறங்கினோம். மேடம், நான், மென்பொருள் எழுதிய வள்ளியப்பன். வள்ளி தேவகோட்டைக்காரர், எதைக் கேட்டாலும் சமன்பாட்டில் பதில் சொல்வார். சால்டரிங் அயர்னைக் கையால் தொட்டதில்லை, அதனால் விரல்கள் அழகாக இருக்கும்.

பேட்டரி இணைத்தோம். டம்மி மாட்டினோம். பத்து நிமிடம். பெட்டி சுத்தம். ஏரியலை மாட்டினேன்.

திரை முழுக்கப் புல். இரைச்சல் ஏறினால் கோடு புல் போல முளைக்கும், எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். இது புல்கூட இல்லை, அறுப்புக்குத் தயாரான நெல். அதற்கு நடுவே, வானத்தில் எந்த அடுக்கும் இல்லாத உயரங்களில் பேய் மாதிரி எதிரொலிகள் வந்து வந்து போயின.

"முருகேசன், இதுதான் மிக அமைதியான இடமா?" என்றார் மேடம். அந்த 'மிக'வில் ஒரு கோடு விழுந்தது என் காதில் கேட்டது.

"மென்பொருள்ல ஏதோ இருக்கும் மேடம்" என்றேன், வள்ளியைப் பார்க்காமல்.

"அண்ணே, எம்மேல ஏன் போடுறீக? எண்ணு பொய் சொல்லாது. நீங்க வச்ச ஏரியலப் பாருங்க."

திங்கள் முழுக்க வள்ளி ஏரியலைச் சந்தேகப்பட்டார், நான் அவர் கணக்கைச் சந்தேகப்பட்டேன். நான் ஃபில்டர் சேர்த்தேன். எர்த் கம்பி இன்னும் இரண்டு அடித்தேன். கேபிளை மாற்றினேன். நெல் இன்னும் செழித்தது. செவ்வாய் மதியம் மூவருக்கும் பேச்சே நின்றுவிட்டதால், சாப்பிடவாவது போவோம் என்று வீட்டுக்கு அழைத்துப் போனேன். வாழ்க்கையில் நான் செய்த மிகப் புத்திசாலித்தனமான காரியம் அதுதான். அது எனக்கு அப்போது தெரியாது.

தெய்வானை மேடத்துக்கு மீன் குழம்பு ஊற்றிக்கொண்டே, "போன தடவை இவுக மட்டும் வந்தப்ப ஒரே நாள்ல வேலய முடிச்சிட்டாகளே மேடம், இப்ப என்ன இவ்வளவு நேரம்?" என்றாள்.

"போன தடவ இடம் அமைதியா இருந்துச்சும்மா" என்றார் மேடம்.

"இருக்காதா பின்ன? அன்னைக்கு அமாவாசைல்ல. அவுக அப்பாவுக்குப் படையல் போடணும்னு இவுக அதத் தோதாப் பாத்துத்தானே வந்தாக. அமாவாசைக்கு இங்க எந்த மில்லு ஓடும்? ஈ, காக்கா இருக்காது."

என் வாயில் இருந்த சோறு அங்கேயே நின்றது. புதுவயலில் மில்லுகளை அமாவாசைக்கு நிறுத்துவார்கள் என்பது நடக்கத் தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். அப்பா வீட்டில் இருக்கும் ஒரே நாள் அது. மோட்டார் ஓடினால் ரேடியோவில் இரைச்சல் ஏறும் என்பதும் இருபது வருடமாகத் தெரியும். அரிசி மில் ஊரில் பிறந்து, அரிசி மில் சோற்றில் வளர்ந்து, அரிசி மில் ஓடாத நாளாகப் பார்த்து இரைச்சல் அளந்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான்.

வள்ளி முகத்தை இலைக்குள் புதைத்துக்கொண்டு குலுங்கினார். மேடம் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். "குழம்பு நல்லா இருக்கும்மா" என்றார் தெய்வானையிடம். என்னைத் திட்டியிருந்தால் இரண்டாவது தடவை சோறு வாங்கியிருப்பேன்.

வெளியே வந்ததும் வள்ளி சொன்னார்: "மேடம், பேசாம அடுத்த அமாவாசைக்குத் தள்ளிப்போடச் சொல்லுவமா?"

"கடல்ல மாட்டிக்கிட்டவன் அமாவாசையாப் பாத்தா கூப்பிடுவான்? மில்லு ஓடட்டும். அதுக்கு நடுவுலயும் நம்ம பெட்டிக்குக் காது கேக்கணும்" என்றார் மேடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "முருகேசன்."

"மேடம்."

"எதைக் கழட்டிப் பாத்தீக?"

ஒவ்வொன்றாகக் கழற்ற வைத்தார். எர்த் கம்பி: மாற்றமில்லை. ஃபில்டர்: மாற்றமில்லை. கடைசியாக அவர் விரல், ஏரியலுக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்த சின்ன அலுமினிய டப்பாவில் வந்து நின்றது. அது என் ஆம்ப்ளிஃபயர். நானே வடிவமைத்து, நானே சால்டர் செய்து, மூடியில் மார்க்கரால் என் பெயரையும் எழுதி வைத்திருந்தேன். வருகிற சிக்னலை நூறு மடங்கு பெரிதாக்கும்.

"மேடம், அதை எடுத்தா எதிரொலி சின்னதாயிரும்."

"சின்னதாகட்டும். தெளிவா வருதான்னு பாப்போம்."

கழற்றினேன். பேய்கள் அத்தனையும் ஒரே நொடியில் போயின. நெல் முழங்கால் அளவுக்கு இறங்கியது. அடியில், நூல் போல, வளைந்து ஒரு கோடு. வானத்து எதிரொலி. இரண்டு நாளாக அங்கேயே இருந்திருக்கிறது.

படியில் அரிசி அளக்கும்போது தலை தட்டி வழிந்தால், எவ்வளவு கொட்டியது என்று படிக்குத் தெரியாது. பெட்டிக்குள் அலையை அளக்கும் சிப்பும் ஒரு படிதான். மில் இரைச்சலை என் டப்பா நூறு மடங்காக்கிக் கொட்ட, படி வழிந்து, சிப் வாய்க்கு வந்ததை உளறியிருக்கிறது. அந்த உளறல்தான் பேய். சிக்னலைக் குறைக்கும் பித்தளைத் துண்டு ஒன்றையும் ஏரியல் வாயில் திருகச் சொன்னார் மேடம். திருகியதும் இன்னும் தெளிந்தது. கூட்டினால் கேட்காதது குறைத்தால் கேட்கிறது! அலுமினிய டப்பாவைப் பைக்குள் போட்டேன். இன்று அதில் தெய்வானை ஊசி, நூல் வைத்திருக்கிறாள். பெயர் இன்னும் அழியவில்லை.

முழங்கால் நெல் மிச்சம் இருந்தது. அதற்கு வள்ளி வழி சொன்னார். "அண்ணே, மில்லு சத்தத்த மட்டும் தனியாக் கேக்குற மாதிரி இன்னொரு ஏரியல் வச்சுக் குடுங்க. பெட்டியில ரெண்டாவது வாய் சும்மாத்தானே இருக்கு. அங்குட்டு வர்றத இங்குட்டு வர்றதுலருந்து கழிச்சிட்டா வானம் மட்டும் மிஞ்சும்." மேடம் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. கழிப்பது என்றால் அவருக்குப் பிடிக்கும்.

புதன் காலை தரிசுக்குப் பக்கத்து மில்லுக்குப் போனேன். அங்கே மேஸ்திரியாக இருந்த கருப்பையா என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. செம்புக் கம்பியைப் பிளாஸ்டிக் குழாயில் வளையமாகச் சுற்றி எடுத்துக்கொண்டு நான் சுவர் சுவராக நடப்பதைப் பார்த்தவன், "என்னடா முருகேசா, பேய் ஓட்ட வந்திருக்கியா?" என்றான்.

"ஓட்ட இல்லடா. பிடிச்சுட்டுப் போக."

"எங்க மில்லு சத்தத்தையா? அதான் கர்மம் சும்மாவே தெரு முழுக்கக் கேக்குதே!"

காதில் கேட்கும் சத்தம் இல்லை, கம்பியில் கேட்கும் சத்தம் என்று விளக்கினேன். அவனுக்கு ஏறவில்லை, ஆனால் எந்த இயந்திரம் எப்போது ஓடும் என்று விரல் நுனியில் வைத்திருந்தான். வளையத்தோடு இணைத்த மீட்டர் முள் அதிகமாகத் துள்ளியது இரண்டு இடத்தில். ஒன்று, மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி. இன்னொன்று, கறுப்பு அரிசியைக் கேமராவால் பார்த்துக் காற்றால் ஊதித் தள்ளும் கலர் சார்ட்டர். இரண்டுக்கும் நடுச்சுவரில் வளையத்தைக் கட்டினேன். அங்கிருந்து தரிசு வரை கேபிள் இழுத்தபோது வழியில் லாரிகள் நின்றன. கேபிள் மேல் லாரி ஏறினால் கதை முடிந்தது. கருப்பையா பழைய சாக்குகளைச் சுருட்டி இருபுறமும் அணை போட்டு, டிரைவர்களிடம் போய், "அந்தக் கம்பியில டயர் பட்டுச்சு, இன்னைக்கு லோடு கிடையாதுப்பு" என்றான். எந்த அதிகாரி உத்தரவும் அவ்வளவு வேகமாக அமலானதில்லை.

வள்ளி மென்பொருளைத் தட்டத் தட்ட, நெல் முழங்காலிலிருந்து கணுக்காலுக்கு வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தரை தெரிந்தது. பெட்டியில் ஒரு திருகைக்கூட நான் கழற்றவில்லை. அன்றுதான் எனக்குப் புரிந்தது, இனி என் திருப்புளிக்கு வேலையில்லை என்று. வருத்தப்பட நேரமில்லை, கேபிளுக்குக் காவல் இருக்க வேண்டியிருந்தது.

வியாழன் பத்து மணிக்குக் குழு வந்தது. தலைவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், டெல்லியில் பழுத்தவர். வந்ததும் மில் புகைபோக்கியைப் பார்த்தார், என் அறிக்கையைப் பார்த்தார், மறுபடி புகைபோக்கியைப் பார்த்தார். டம்மி போட்டுப் பத்து நிமிடம். அன்றைக்கு நான் எட்டாவது நிமிடம் வரை தாங்கினேன்; அப்புறம் இருமினேன். ஏரியல் மாட்டியதும் திரையில் வளைகோடு சுத்தமாக எழுந்தது, கோலப்பொடியில் இழுத்த மாதிரி.

தலைவர் உற்றுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். இரைச்சலைக் கழிக்கிறேன்னு உங்க சாஃப்ட்வேர் தானாவே ஒரு கோடு போட்டுக் காட்டினா நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? மில் இல்லாம இதே வானத்தைக் காட்ட முடியுமா?"

நியாயமான கேள்வி. ஓடும் மில்லை நிறுத்து என்று எந்த வாயால் கேட்பது? வள்ளி சமன்பாட்டை ஆரம்பித்தார். தலைவர் கையை உயர்த்தி நிறுத்தினார். "கணக்கு வேண்டாம். கண்ணால பார்க்கணும்." பேனாவை மூடிச் சட்டையில் சொருகினார். எனக்கு நாற்காலி நம்பர்கள் கண் முன்னே ஓடின.

அப்போது கரண்ட் போனது.

ஊரே மூச்சை நிறுத்தியது. மோட்டார்கள் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் ஒரு பெல்ட் சடசடத்து ஓய்ந்தது. தூரத்தில் கருப்பையா மின்வாரியத்தின் மூதாதையர்களை விசாரிப்பது தெளிவாகக் கேட்டது. நான் பயந்துபோய்ப் பெட்டியைப் பார்த்தேன். பெட்டி பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் திட்டிக்கொண்டே சுமந்த அதே லாரி பேட்டரி!

மேடம் எங்களைப் பார்க்கவில்லை. திரையைக் காட்டி, "சார், மில்லு நின்னிருச்சு. பாத்துக்கங்க" என்றார்.

அடுத்த எதிரொலி வந்தது. கோடு அதே இடத்தில், அதே வளைவில், ஒரு மயிரிழை நகராமல். அதற்கு அடுத்ததும் அப்படியே. கால் மணி கழித்துக் கரண்ட் வந்தது, மில் உறுமியது, இரண்டு நொடி திரை சிலிர்த்து அடங்கியது. கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. தலைவர் பேனாவை மறுபடி திறந்தார். அந்தப் பேனா மூடி 'டிக்' என்ற சத்தம் மாதிரி ஒரு சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

மதியம் அதே பெட்டியில் வள்ளி மென்பொருளை மாற்றினார். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. நடுக்கடலில் வாடகைப் படகில் எங்கள் சகாயம் வயர்லெஸ்ஸோடு இருந்தார். தூத்துக்குடிக்காரர்தான், ஆனால் கடல் ஒத்துக்கொள்ளாது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணச் சொல்லியிருந்தோம். கண்ணாடி மாதிரிக் கேட்டது. ஐந்துக்கு அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம் எட்டு.

"ஆறும் ஏழும் எங்கே? சிக்னல் விட்டுப்போச்சா?" என்றார் தலைவர்.

"சிக்னல் நல்லாருக்கு சார். ஆளுதான் படகு ஓரத்துக்குப் போயிருக்காக" என்றேன். அதுவும் அடுத்த நொடியே பெட்டியில் துல்லியமாகக் கேட்டது. குழுவில் எல்லோரும் கை தட்டினார்கள். சகாயம் இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

கையெழுத்துப் போட்டு முடித்ததும் தலைவர் என் தோளைத் தட்டினார். "இவ்வளவு இரைச்சலான இடத்தைத் துணிஞ்சு யாரும் தேர்ந்தெடுக்க மாட்டாங்க. நல்ல யோசனை."

நான் அடக்கமாகத் தலை குனிந்து பாராட்டை வாங்கிக்கொள்ளத் தயாரானேன். மேடம் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"சார், நான் அமாவாசையில இடம் பாத்தேன்" என்று மொத்தத்தையும் கொட்டிவிட்டேன். படையல், பெண்டாட்டி, மீன் குழம்பு உள்பட. தலைவர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, எங்கள் வீட்டு மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

எங்கள் பெட்டியை ஏற்றார்கள். பிரிவு பிழைத்தது. இப்போது பல நிலையங்களில் அதுதான் ஓடுகிறது. மென்பொருள் எத்தனையோ தடவை மாறிவிட்டது, நான் முடுக்கிய திருகுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. இடத்தேர்வுப் படிவத்தில் மேடம் ஒரு கட்டம் சேர்த்தார். அவர் வாழ்நாளில் எதையாவது சேர்த்தது அந்த ஒரு தடவைதான்: "ஆய்வு நாளில் சுற்றியுள்ள தொழிற்கூடங்கள் இயங்கினவா?" ஆய்வுக்கூடத்தில் அதற்குப் பெயர் 'முருகேசன் கட்டம்'. தன் பெயரில் விதி வைத்திருக்கும் விஞ்ஞானிகள் உண்டு, எனக்குக் கட்டம்.

போன் செய்த பொறியாளர் கடைசியில் இன்னொன்றும் சொன்னார். புதுவயலிலேயே நிரந்தர நிலையம் அமைக்கிறார்களாம், அந்த இரைச்சலில் தேறிய பெட்டி எங்கேயும் தேறும் என்பதால். "இடம் பாக்க எந்த நாள் வரலாம் சார்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து தெய்வானை குரல் வந்தது: "அமாவாசை மட்டும் வேணாம்னு சொல்லுங்க!"

போன வாரம், ஊர் மில்லெல்லாம் முழு வேகத்தில் ஓடும் ஒரு புதன்கிழமை, வந்தார்கள். பேட்டரியை அவர்களே சுமந்தார்கள். டம்மியை மாட்டினார்கள். பத்து நிமிடம். நான் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏரியலை மாட்டியதும் அதே கோடு, வளைந்து எழுந்தது. அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து நிமிடமும் நான் பேசவில்லை.